ஃபுளோரிடாவில் வாழைக்கன்று நடுவதற்கு முன் பார்க்க வேண்டிய கோடுகள்

டாம்பாவுக்கு வடக்கே ஒரு குடியிருப்பில் வீடு வாங்கி இரண்டு வருடம் கழித்து, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் இருந்த சந்தில் மூன்று வாழைக்கன்று வைத்தேன். ஃபுளோரிடா வெயிலுக்கும் மழைக்கும் வாழை எப்படி வரும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆறே மாதத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. ஏழாவது மாதம் குடியிருப்புச் சங்கத்திடமிருந்து, அதாவது எல்லோரும் எச்.ஓ.ஏ. என்று சொல்லும் அந்த அமைப்பிடமிருந்து, கடிதம் வந்தது. அனுமதி கேட்காமல் நட்டது ஒரு குற்றம், வடிகால் ஈஸ்மென்டுக்குள், அதாவது மழைநீர் ஓடுவதற்காக விட்டுவைத்த கீற்றுக்குள், நட்டது இன்னொரு குற்றம். போதாததற்குப் பக்கத்து வீட்டுக்காரர், நல்ல மனிதர்தான், வேலி ஓரமாக வந்து நின்று தயங்கித் தயங்கி, "அந்தக் கடைசி மரம் என் இடத்தில் இருக்கிற மாதிரி இல்லை?" என்று கேட்டார்.

மூன்று வாழைக்கு மூன்று தகராறு. மூன்றும் ஒன்று என்றுதான் நான் முதலில் நினைத்தேன். மூன்றுக்கும் கோடு வேறு, காகிதம் வேறு, தீர்த்துவைக்க வேண்டிய ஆளும் வேறு என்று புரியவே நாலு மாதம் ஆனது. டீட் ரெஸ்ட்ரிக்டட் குடியிருப்பில் வீடு வாங்கிய, வாங்கப்போகிற நம் ஆட்கள் பலர் இதே இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

முதலில் இந்த டீட் ரெஸ்ட்ரிக்‌ஷன் என்பது என்ன? இதை ஆங்கிலத்தில் விளக்கினால் அரைமணி நேரம் ஆகும், தமிழில் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்: வில்லங்கம். அடமானம் மாதிரி பணத்துக்கான வில்லங்கம் அல்ல, நடத்தைக்கான வில்லங்கம். நிலத்தை மனை மனையாகப் பிரித்து விற்ற டெவலப்பர், முதல் மனையை விற்பதற்கு முன்பே ஒரு ஷரத்துப் பட்டியலை எழுதிக் கவுன்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில் பதிவு செய்துவிடுகிறார். முன்பக்கம் புல் இருக்க வேண்டும், வேலி ஆறடிக்கு மேல் கூடாது, கோழி வளர்க்கக் கூடாது, இப்படி. அது ஆளோடு போட்ட ஒப்பந்தம் இல்லை, மண்ணோடு ஒட்டிக்கொண்டது. நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா, படித்தீர்களா என்பதெல்லாம் கணக்கில் வராது. பதிவான வில்லங்கம் வாங்குகிறவருக்குத் தெரிந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். "எனக்கு யாரும் சொல்லவில்லையே" என்பது நம் ஊர் சப்-ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் எவ்வளவு எடுபடுமோ அவ்வளவுதான் இங்கேயும்.

இந்தச் சட்டத்தின் வேர் ஒரு தோட்டம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். லண்டனில் லெஸ்டர் சதுக்கம் என்று இருக்கிறதே, இப்போது சினிமா தியேட்டர்கள் சூழ்ந்திருக்கும் இடம், அதன் நடுவில் இருக்கிற தோட்டத்தை டல்க் என்பவர் 1808-இல் விற்றார். சுற்றியிருந்த வீடுகள் சில அவருடையவை. அதனால், இதைத் தோட்டமாகவே பராமரிக்க வேண்டும், கட்டடம் எழுப்பக் கூடாது என்று பத்திரத்தில் ஷரத்து எழுதி விற்றார். கை மாறி மாறி அது மாக்ஸே என்பவரிடம் வந்தது. அவருக்கு ஷரத்து இருப்பது தெரியும், ஆனால் அவருடைய பத்திரத்தில் அது இல்லை, அதனால் கட்டலாம் என்றார். 1848-இல் நீதிமன்றம் கூடாது என்றது. தெரிந்தே வாங்கியவர் ஷரத்தையும் சேர்த்துத்தான் வாங்கினார் என்பது தீர்ப்பின் சாரம். அமெரிக்கக் குடியிருப்புகளின் புல்தரை விதிகளுக்கெல்லாம் இதுதான் பாட்டன். அப்போதே விஷயம் தெளிவு: தோட்டத்து மண் ஒருவருக்குச் சொந்தம், அதன் மேல் விழும் பார்வையில் சுற்றியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு.

இந்தக் கருவியை நல்லதற்கு மட்டும் பயன்படுத்தினார்கள் என்று நினைக்க வேண்டாம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பத்திரங்களில், வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது என்பதும் வேலி உயரத்தோடு சேர்ந்த ஒரு ஷரத்துதான். 1948-இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஷரத்துகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்றது, 1968-இல் வந்த சட்டம் வீடு விற்பதில் இனப் பாகுபாட்டையே தடை செய்தது. 1923-இலேயே இந்தியர்கள் வெள்ளையர் அல்லர் என்று அதே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது என்பதால், அந்த வரிகளில் நாமும்தான் இருந்தோம். பழைய வீடு வாங்குகிறவர்கள் பத்திரக் கட்டைப் புரட்டும்போது அந்த வரி இன்னும் கண்ணில் படலாம். செல்லாது, ஆனால் படிக்கும்போது ஒரு மாதிரி இருக்கும்.

சரி, கோடுகளுக்கு வருவோம்.

முதல் கோடு, உங்கள் நிலத்தின் எல்லை. அது வேலி இல்லை, புல்லின் நிறம் மாறுகிற இடமும் இல்லை. கவுன்டி சொத்து மதிப்பீட்டாளரின் இணைய வரைபடத்தில் வான்படத்தின் மேல் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு கோடு தெரியும் பாருங்கள், அதுவும் இல்லை. அது வரிக் கணக்குக்காகப் போட்டது, சில அடி இப்படி அப்படி விலகியிருக்கும், அதை அச்சடித்து எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். உண்மையான எல்லை, மனைப் பிரிவின்போது பதிவான வரைபடத்தில், அதாவது பிளாட்டில் இருக்கிறது. தரையில் அதன் அடையாளம், மனை மூலைகளில் சர்வேயர் அடித்துவைத்த இரும்புக் கம்பி. தலையில் பிளாஸ்டிக் மூடி, அதில் சர்வேயர் அல்லது அவர் நிறுவனத்தின் உரிம எண். புல் வளர்ந்து மண் மூடி சில அங்குலம் கீழே போயிருக்கும். நான் ஒரு நண்பரின் மெட்டல் டிடெக்டரை இரவல் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தேடினேன், இரண்டு பாட்டில் மூடி, ஒரு ஸ்பேனர், கடைசியில் கம்பி. முன் மூலைக்கும் பின் மூலைக்கும் நூல் பிடித்துப் பார்த்ததில் கடைசி வாழை என் பக்கம்தான், ஆனால் ஒன்றரை அடிதான் மிச்சம். இந்த நூல் பிடிக்கிற வேலை நம் மனத்திருப்திக்குத்தான், வழக்கு என்று போனால் உரிமம் பெற்ற சர்வேயரின் கையெழுத்துதான் பேசும். வீடு வாங்கும்போது உங்கள் பெயருக்கு ஒரு சர்வே எடுத்திருப்பார்கள், அந்தக் கோப்பைத் தேடி எடுங்கள். அதில் எக்ஸ் எக்ஸாகப் போட்டிருப்பது வேலி, பக்கத்தில் வேலி எல்லையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதியிருக்கும்.

இரண்டாவது, சாலையோரம். புல்தரை தெருவிளிம்பு வரைக்கும் போகிறது, தண்ணீர் விடுவதும் வெட்டுவதும் நீங்கள், அதனால் அதுவரைக்கும் உங்களுடையது என்று தோன்றும். பல குடியிருப்புகளில் தெருவுக்காக ஒதுக்கிய அகலம் 50 அடி. தார் போட்டது 24 அடி என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் 13 அடி மிச்சம். உங்கள் புல்தரையின் அந்த முன் பகுதி ரோட்டுப் புறம்போக்கு. நடைபாதையும் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். அங்கே நீங்கள் வைத்த செம்பருத்தியைக் கவுன்டி ஒருநாள் குழாய் பதிக்க வந்து பிடுங்கிப்போட்டால் யாரிடமும் கேட்க முடியாது. ஆனால் அந்த இடத்துப் புல் காய்ந்தால் கடிதம் மட்டும் உங்களுக்குத்தான் வரும், ஏனென்றால் தெருவிளிம்பு வரை பராமரிப்பது மனைக்காரர் பொறுப்பு என்று ஷரத்து எழுதியிருப்பார்கள். சொந்தமில்லாத இடத்துக்கும் வேலை பார்க்க வேண்டும் என்பதை ஜீரணிக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

மூன்றாவது ஈஸ்மென்ட், நம் பத்திர மொழியில் பாத்தியதை. நிலம் உங்களுடையது, அதில் ஒரு கீற்றை மின்சாரம், தண்ணீர், கேபிள்காரர்கள் பயன்படுத்தலாம், அல்லது மழைநீர் அதன் வழியாக ஓடலாம். பக்க எல்லைகளை ஒட்டி ஐந்து அடி, பின் எல்லையில் இன்னும் கொஞ்சம் அதிகம், இப்படி பிளாட்டில் புள்ளிக்கோடாகக் காட்டியிருக்கும். நான் மாட்டியது இங்கேதான். இரண்டு வீட்டுக்கு நடுவே லேசான பள்ளமாக, யாரும் கவனிக்காத மாதிரி ஒரு சரிவு இருக்கும். பின்பக்கத்து மழைத்தண்ணீர் தெருவுக்கு வர அதுதான் வாய்க்கால். ஃபுளோரிடாவில் கோடை மழை அரைமணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும், அந்தச் சரிவில் வாழைக் கட்டையும் அதைச் சுற்றி நான் குவித்த மண்ணும் அணை கட்டியது மாதிரி நின்றால் தண்ணீர் பக்கத்து வீட்டு முற்றத்துக்குத்தான் போகும். கடிதத்தில் மற்றதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது, இது ஒன்று மட்டும் நியாயம் என்று அடுத்த மழையிலேயே புரிந்துவிட்டது. ஈஸ்மென்டில் வைத்த வேலியையும் செடியையும் பாத்தியதை உள்ளவர் தேவைப்பட்டால் அகற்றலாம், திரும்ப வைத்துத் தர வேண்டிய கடமை அநேகமாக அவருக்கு இருக்காது. எதற்கும் குழி தோண்டுவதற்கு இரண்டு முழு வேலை நாள் முன்பு 811-க்கு ஒரு போன், இலவசம்தான், வந்து பூமிக்கடியில் போகும் கம்பிகளுக்கு மேல் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள்.

நான்காவது செட்பேக், கட்டுமானம் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது. கொட்டகை, நீச்சல்குளம், பந்தல் போடுகிறவர்களுக்கு இது முக்கியம், செடிக்கு அவ்வளவாக இல்லை, விட்டுவிடுகிறேன்.

ஐந்தாவது கோடுதான் விசித்திரமானது. அது எந்த சர்வேயிலும் இருக்காது. தெருவில் நிற்கிற ஒருவரின் கண் எதுவரை போகிறதோ அதுதான் கோடு. ஃபுளோரிடாவில் 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த சட்டம் சொல்வது இது: மனையின் முன்புறத்திலிருந்தோ, அடுத்த மனையிலிருந்தோ, பக்கத்துப் பொது இடத்திலிருந்தோ, குடியிருப்பின் கோல்ஃப் மைதானத்திலிருந்தோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காய்கறித் தோட்டம், துணிக்கொடி, செயற்கைப் புல், படகு என்று எதை வைத்தாலும் சங்கம் தடுக்க முடியாது, பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி. கோல்ஃப் மைதானத்தைப் பெயர் சொல்லிச் சட்டத்தில் சேர்த்திருப்பது எவ்வளவு ஃபுளோரிடாத்தனம்! எனக்கு இதில் படுவது என்னவென்றால், இத்தனை காலம் ஷரத்து என்ற பெயரில் விற்கப்பட்டது பார்வைதான் என்பதைச் சட்டமே வாய்விட்டுச் சொல்லிவிட்டது. மண்ணில் என்ன இருக்கிறது என்பது பிரச்சினை இல்லை, யார் கண்ணில் படுகிறது என்பதுதான்.

அடுத்து சங்கத்தின் அதிகாரம். பயமுறுத்தும் கடிதத்தைப் பார்த்ததும் பலர் இரண்டில் ஒன்று செய்கிறார்கள், ஒன்று உடனே எல்லாவற்றையும் வெட்டிப் போடுவது, இல்லையென்றால் கிழித்துக் குப்பையில் போடுவது. இரண்டாவது ரொம்ப ஆபத்து. ஃபுளோரிடாச் சட்டம் 720-ஆம் அத்தியாயப்படி ஒரு மீறலுக்கு நாளொன்றுக்கு 100 டாலர் வரை அபராதம் போடலாம், சங்கத்தின் பத்திரங்கள் வேறுமாதிரி சொல்லாவிட்டால் மொத்தம் 1,000 டாலருக்கு மேல் போகக் கூடாது. 1,000-க்குக் கீழான அபராதத்தை வீட்டின் மேல் கடனாக ஏற்ற முடியாது. அபராதத்துக்கு முன்னால் குறைந்தது 14 நாள் நோட்டீஸ், அப்புறம் விசாரணை. விசாரிப்பது நிர்வாகக் குழு அல்ல, குறைந்தது மூன்று உறுப்பினர் கொண்ட தனிக் குழு, அதில் நிர்வாகிகளோ அவர்கள் வீட்டு ஆட்களோ இருக்கக் கூடாது. அந்தக் குழு ஒத்துக்கொள்ளாவிட்டால் அபராதம் இல்லை. விசாரணைக்கு முன்பே குறையைச் சரிசெய்துவிட்டாலும் அபராதம் இல்லை. நான் அந்த 14 நாளுக்குள் சரிவில் இருந்த கட்டைகளைப் பெயர்த்தேன், கதை அதோடு முடிந்தது.

வழக்கு என்று நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் நிலைமை வேறு. 2008-இல் பாஸ்கோ கவுன்டியில், எங்கள் வீட்டிலிருந்து ரொம்ப தூரமில்லை, 66 வயதுக்காரர் ஒருவர் முற்றத்தில் புல் காய்ந்து கிடந்ததற்காகச் சிறைக்கே போனார். பலர் இதைச் சங்கம் ஜெயிலில் போட்டது என்று சொல்வார்கள், அப்படி இல்லை. புல்லை மாற்று என்று நீதிபதி உத்தரவு போட்டார், கையில் பணம் இல்லாமல் அவர் மாற்றவில்லை, அது நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தார் சேர்ந்து புல் பதித்துக் கொடுத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் இன்னும் மரியாதையாக இருக்கிறது.

புல் என்றால் இங்கே செயின்ட் அகஸ்டின் புல். அகல இலை, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருக்கும், சின்ச் என்கிற பூச்சி ஒரு கோடையில் முற்றத்தையே பழுப்பாக்கிவிடும். அதனால் ஃபுளோரிடா பல்கலைக்கழகமும் மாநிலமும் சேர்ந்து இடத்துக்கேற்ற செடி, அளவான தண்ணீர், மூடாக்கு என்று ஒன்பது கொள்கை கொண்ட ஒரு தோட்ட முறையைப் பரப்புகின்றன. இந்த முறையில் தோட்டம் அமைப்பதை எந்தப் பத்திர ஷரத்தும் தடை செய்யக் கூடாது என்று 2009-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளாதீர்கள், களை மண்டியதைக் காட்டி "இது ஃபுளோரிடாவுக்கு உகந்த தோட்டம்" என்று சொல்ல முடியாது, வரைபடம் கொடுத்து அனுமதி கேட்கச் சொல்வதும் சங்கத்தின் உரிமைதான். கேட்கும்போது ஒன்றை ஞாபகம் வையுங்கள்: மறுத்தால் எந்த ஷரத்தை வைத்து மறுக்கிறோம் என்று அவர்கள் எழுத்தில் குறிப்பிட்டுக் கொடுக்க வேண்டும். "அழகாக இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அது பதிலே இல்லை.

மற்ற மாநிலங்களிலும் தண்ணீர்தான் சங்கங்களின் கையைக் கட்டியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் வறட்சி அவசரநிலை இருக்கும்போது புல்லுக்குத் தண்ணீர் விடவில்லை என்று அபராதம் போட முடியாது. டெக்ஸாஸில் 2013 முதல் வறட்சி தாங்கும் தோட்டத்தைத் தடை செய்ய முடியாது. மேரிலாந்தில் கொலம்பியா என்ற ஊரில் ஒரு தம்பதி புல்லை எடுத்துவிட்டு நாட்டுச் செடிகளாக வளர்த்ததற்குப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து, பல வருடம் இழுத்து, கடைசியில் 2021-இல் மாநிலச் சட்டமே மாறியது. ஹூஸ்டன் தனிக் கதை. எங்கே வீடு, எங்கே கடை என்று நகராட்சி பிரித்துவைக்கும் நில உபயோக மண்டலமே வேண்டாம் என்று 1948, 1962, 1993 என மூன்று முறை வாக்களித்து ஒதுக்கிய நகரம் அது, அதனால் அங்கே பத்திர ஷரத்துதான் எல்லாம், சிலவற்றை நகராட்சியே வழக்குப் போட்டு அமல்படுத்துகிறது. மற்ற ஊர்களில் பத்திர ஷரத்தைப் பற்றி நகராட்சியிடம் புகார் சொன்னால் அது எங்கள் வேலை இல்லை என்றுதான் பதில் வரும்.

இப்போது அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் கேள்வி. இதில்தான் மிகப் பெரிய குழப்பம். எல்லை எங்கே என்பதைத் தீர்த்து வைக்கிற வேலை எச்.ஓ.ஏ.-வுக்குக் கிடையாது. உங்கள் வேலி விண்ணப்பத்தைக் குழு அங்கீகரித்தது என்றால் நிறம், உயரம், மரமா வினைலா என்பதை அங்கீகரித்தது என்று அர்த்தம், அந்த வேலி நிற்கப்போகிற மண் உங்களுடையது என்று அது சான்று தரவில்லை. அனுமதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பத்து அங்குலம் பக்கத்து மனைக்குள் வேலி போட்டு, பின்னர் சொந்தச் செலவில் பிடுங்கியவர்கள் உண்டு. எல்லைத் தகராறு இரண்டு மனைக்காரர்களுக்கு நடுவில், பேசித் தீரும், சர்வேயில் தீரும், இல்லாவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் தீரும்.

"பன்னிரண்டு வருடமாக அனுபவத்தில் இருக்கிறது, இனி எனக்குத்தான்" என்கிற நம் ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். ஃபுளோரிடாவில் ஏழு வருடம் என்று காதில் விழும், ஆனால் கையில் பத்திரம் எதுவும் இல்லாமல் அனுபவ பாத்தியதை கேட்பவர் அந்த நிலத்துக்குச் சொத்து வரியும் கட்டியிருக்க வேண்டும். வேலி தள்ளிப்போன ஓரடிக் கீற்றுக்குத் தனியாக யார் வரி கட்டுவார்கள்? எல்லை எங்கே என்று இருவருக்கும் உண்மையாகவே தெரியாமல், ஒரு வேலியை எல்லையாக ஏற்றுக்கொண்டு பல வருடம் போயிருந்தால் மட்டும் வேறு வாதம் இருக்கிறது, அதற்கு வக்கீல் வேண்டும்.

மரக்கிளைக்கு விதி எளிது. பக்கத்து மரத்தின் கிளையோ வேரோ உங்கள் பக்கம் வந்தால் எல்லைக்கோடு வரை உங்கள் செலவில் வெட்டலாம், தாண்டி வெட்டக் கூடாது. அடிமரம் கோட்டின் மேலேயே நின்றால் அது இருவருக்கும் பொது, ஒருவர் மட்டும் முடிவெடுத்துச் சாய்க்க முடியாது. புயலில் நல்ல மரம் ஒன்று முறிந்து உங்கள் கூரைமேல் விழுந்தால், யார் நிலத்தில் முளைத்தது என்று பார்க்காமல் உங்கள் காப்பீட்டைத்தான் முதலில் கூப்பிட வேண்டும். பட்டுப்போன மரம், அது தெரிந்தும் விட்டுவைத்தார் என்றால்தான் அவரைக் கேட்க முடியும்.

பழைய குடியிருப்பு என்றால் இன்னொன்றும் பாருங்கள். 1963-ஆம் வருடத்து ஃபுளோரிடாச் சட்டம் ஒன்றின்படி, முப்பது வருடத்துக்கு மேலான ஷரத்துகளை முறையாகப் புதுப்பித்துப் பதிவு செய்யாவிட்டால் அவை காலாவதியாகிவிடக்கூடும். சில சங்கங்கள் அதை மறந்துவிட்டு, செத்த ஷரத்துக்குக் கடிதம் அனுப்பிக்கொண்டிருக்கும். கவுன்டி பதிவேட்டைப் பெரும்பாலும் இணையத்திலேயே பார்க்கலாம், குடியிருப்பின் பெயரைப் போட்டுத் தேடினால் மூலப் பத்திரமும் திருத்தங்களும் தேதியோடு வரும்.

என் வாழைகளை இப்போது பின்பக்கம் ஈஸ்மென்டுக்கு இப்பால் நட்டிருக்கிறேன், வரைபடம் கொடுத்து, அனுமதி வாங்கி. வேலி ஆறடி. போன மாதம் ஒன்று தார் தள்ளியது, வேலிக்கு மேலே பூ தொங்குவது பக்கத்து வீட்டு முற்றத்திலிருந்து நன்றாகவே தெரிகிறது. அடுத்த மனையிலிருந்து தெரிகிறது என்றால் 2024 சட்டத்தின் பாதுகாப்பு அந்த ஆறடிக்கு மேலே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று வேலி ஓரம் வந்து, பழுத்தால் ஒரு சீப்பு கிடைக்குமா என்று கேட்டார். இரண்டு தருகிறேன் என்றேன்.